லைப்சிக்கில் எத்தனை வானளாவிகள்?

பள்ளி விடுமுறை வந்தாலே சொந்தக்காரப் பிள்ளைகளுக்குள் போட்டி தொடங்கிவிடும். யார் ஊர் பெரிசு, யார் ஊர் ஒசத்தி? சிகாகோவில் இருக்கும் என் அக்கா மகன் வீடியோ காலில் கேட்டான்: "எங்க ஊர்ல ஸ்கைஸ்கிரேப்பர் நூத்துக்கு மேல இருக்கு. உங்க லைப்சிக்ல எத்தனை?" என் மகள், "ரெண்டு மூணு இருக்கும் அண்ணா" என்றாள், கொஞ்சம் குரல் இறங்கித்தான்.

அவள் சொன்னதைச் சரிபார்க்க உட்கார்ந்தால் இரண்டு விடை கிடைக்கிறது. ஒன்று, பூஜ்யம். இன்னொன்று, ஏகப்பட்டது. இரண்டுமே சரி! எந்தக் கோட்டிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

உலக நகரங்களை ஒப்பிடுகிறவர்கள் பொதுவாக 150 மீட்டரைக் கோடாக வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் நியூயார்க்கில் 300-க்கும் மேல், சிகாகோவில் 130-க்கும் மேல். மூன்றாவது இடத்துக்கு வந்திருப்பது மயாமி. ஜெர்மனியில் இந்தக் கோட்டைத் தாண்டியவை பெரும்பாலும் பிராங்பர்ட்டில்தான். அங்கே இருப்பதிலேயே உயரமான கொமர்ஸ்பாங்க் கோபுரம் 259 மீட்டர்.

எங்கள் லைப்சிக்கில் உயரமானது ஆகுஸ்டுஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் நிற்கும் சிட்டி-ஹோக்ஹவுஸ். உயரம் 142 மீட்டர் சொச்சம். உச்சியில் இருக்கும் கம்பத்தையும் சேர்த்தால் 155 வரும். "அப்போ 150 தாண்டிடுச்சே!" என்று மகள் குதித்தாள். ஆனால் விதி அப்படி இல்லை. கட்டடத்தின் அங்கமாக வடிவமைத்த கூர்முனை கணக்கில் சேரும். பின்னால் பொருத்திய ஆண்டெனா சேராது. மலேசிய வாசகர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். 452 மீட்டர் பெட்ரோனாஸ் கோபுரங்கள் சிகாகோவின் சியர்ஸ் டவரை முந்தியது இந்த விதியால்தான். சியர்ஸின் கூரை 442 மீட்டர், அதன் ஆண்டெனாக்கள் அதைவிட எவ்வளவோ மேலே போகும். ஆனாலும் கோலாலம்பூர்தான் ஜெயித்தது. ஆக, எங்கள் ஊருக்குப் பூஜ்யம்.

இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1968-இல் தொடங்கி 1972-இல் முடித்தார்கள். வரைந்தவர் ஹெர்மான் ஹென்செல்மான். அப்போது கார்ல் மார்க்ஸ் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றிருந்த லைப்சிக் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டியது, அதனால் விரித்து வைத்த புத்தகம் மாதிரி வடிவம். ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஞானப்பல்'. பல்கலைக்கழகக் கட்டடம், பார்க்கவும் பல் மாதிரி, பொருத்தமான பெயர்தானே? ஆனால் அந்தப் புதிய வளாகத்துக்கு இடம் வேண்டும் என்று, பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத் தேவாலயத்தை 1968 மே 30 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கோயில் அது, இரண்டாம் உலகப் போரின் குண்டுகளுக்கே தப்பி நின்றது. மக்கள் எதிர்த்தும் அரசு கேட்கவில்லை. இன்று அதே இடத்தில் 2017-இல் திறந்த பவுலினும் நிற்கிறது, பழைய கோயிலின் சாயலோடு. உயரம் வாங்க ஊர் எதைக் கொடுத்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் இல்லையா?

கட்டிய மாடிகளை ஊர் பிறகு கழித்ததும் உண்டு. சுவர் விழுந்த பிறகு வேலை தேடி மக்கள் மேற்கே போக, 1998 வாக்கில் லைப்சிக்கின் மக்கள்தொகை நாலரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. மேற்குப் பக்கம் இருக்கும் குரூனாவ் குடியிருப்பில் காலியாகக் கிடந்த உயர் மாடிகள் சிலவற்றை இடித்தே விட்டார்கள். இப்போது ஆறு லட்சத்தைத் தாண்டியாயிற்று, வாடகைக்கு வீடு தேடி நாம் அலைகிறோம்!

சரி, அமெரிக்காவில் எல்லா ஊரும் வானத்தைத் தொடுகிறதா? இல்லையே. தலைநகர் வாஷிங்டனில் 1910-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தெருவின் அகலத்தோடு 20 அடி சேர்த்தால் என்ன வருமோ, அவ்வளவுதான் கட்டடத்தின் உயரம். அதற்கு மேல் ஓர் உச்சவரம்பும் உண்டு. அதனால் 150 மீட்டர் கணக்கில் வாஷிங்டனுக்கும் பூஜ்யம். பிலடெல்பியாவில் சட்டம்கூட இல்லை, ஒரு மரியாதை. நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலையின் தொப்பியைத் தாண்டி யாரும் கட்டுவதில்லை என்று இருந்தார்கள். 1987-இல்தான் அது உடைந்தது.

நமக்கு இது புதிதா என்ன? மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. கோபுரத்தை மறைக்காதே என்பது நம் பாட்டிகளுக்கும் தெரிந்த நகரத் திட்டம்.

சென்னைக்கு வருவோம். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது, 177 அடி, அதாவது 54 மீட்டர். பழைய சினிமாவில் கதாநாயகன் கிராமத்திலிருந்து பட்டணம் வந்தால், சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து எல்.ஐ.சி., அப்புறம்தான் வசனம். லைப்சிக்கில் ஆகுஸ்டுஸ்பிளாட்ஸ் ஓரத்தில் 1929-இல் முடித்த யூரோப்பாஹவுஸ் 56 மீட்டர். கிட்டத்தட்ட எல்.ஐ.சி. உயரம்தான். அந்தப் பக்கம் டிராமில் போகும்போதெல்லாம் எனக்கு மவுண்ட் ரோடு ஞாபகம் வந்துவிடும்.

இனி இரண்டாவது விடை. ஜெர்மன் கட்டடச் சட்டத்தில் 'ஹோக்ஹவுஸ்' என்ற பெயர் 150 மீட்டரில் கிடைப்பதில்லை. ஆட்கள் வசிக்கக்கூடிய கடைசி மாடியின் தரை, நிலமட்டத்திலிருந்து 22 மீட்டருக்கு மேல் இருந்தாலே அது உயர்மாடிக் கட்டடம். அது என்ன 22? தீயணைப்பு வண்டியின் ஏணிதான் காரணம். இங்குள்ள வழக்கமான ஏணி சுமார் 23 மீட்டர் வரை ஆளை மீட்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தப்பிக்க இரண்டு வழி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று படிக்கட்டு, மற்றொன்று ஏணியாக இருக்கலாம். ஏணி எட்டாத உயரம் என்றால், இரண்டாவது வழியையும் கட்டடத்துக்குள்ளேயே கட்டித் தர வேண்டும், அல்லது புகையே நுழையாத பாதுகாப்புப் படிக்கட்டு வேண்டும். 60 மீட்டர் தாண்டினால் அந்த மாதிரிப் படிக்கட்டு ஒன்று போதாது.

அமெரிக்கக் கட்டட விதியில் இந்தக் கோடு 75 அடி, ஏறக்குறைய 23 மீட்டர். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டர். மூன்று நாட்டிலும் எண்கள் இவ்வளவு பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை. தீயணைப்பு வீரர் வெளியிலிருந்து எவ்வளவு உயரம் எட்ட முடியும் என்பதே எல்லாக் கணக்குக்கும் அடி.

நம்மில் பலருக்கு இதுதான் முக்கியமான எண். எட்டாவது, பத்தாவது மாடியில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவும் அங்கேதான் மூன்று மாதம் தங்குகிறார்கள். அதனால் சில விஷயங்கள். படிக்கட்டிலும் அதன் முன்னாலும் செருப்பு அலமாரி, குழந்தை வண்டி, அரிசி மூட்டை எதுவும் வைக்காதீர்கள். அந்தக் கனமான கதவுக்கு ஆப்பு வைத்துத் திறந்து விடாதீர்கள், புகையைத் தடுப்பது அதுதான். சாக்சனியில் 2023 முடிவிலிருந்து எல்லாப் படுக்கையறையிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும். தாளிக்கும்போது கத்துகிறது என்று கழற்றி டிராயரில் போடாதீர்கள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாளியுங்கள். தீ என்றால் லிப்ட் வேண்டாம். படிக்கட்டில் புகை இருந்தால் வெளியே ஓடாமல், கதவைச் சாத்தி, ஈரத்துணியால் இடுக்கை அடைத்து, 112-க்கு அழையுங்கள். இதை அம்மா அப்பாவுக்கும் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.

இங்கிருந்தபடியே சென்னையில் பிளாட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016-இல் அரசே வெடி வைத்து இடித்தது. அதில் பணம் போட்ட குடும்பங்கள் எத்தனை! விளம்பரப் படத்தில் நீச்சல் குளத்தையும் பதினெட்டாவது மாடிக் கடல் காட்சியையும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். திட்ட அனுமதி எத்தனை மாடிக்கு வாங்கியது, கட்டுவது எத்தனை மாடி என்று ஒப்பிடுங்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இருக்கிறதா, கட்டட நிறைவுச் சான்று வந்ததா, படிக்கட்டு எத்தனை என்று பாருங்கள். நேரில் போக முடியாவிட்டால், நம்பிக்கையான ஒருவரைப் படிக்கட்டு வழியாக ஏறிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். லிப்டில் போனால் பாதி விஷயம் கண்ணில் படாது.

பிள்ளைகள் மாடிகளை எண்ணட்டும், அது ஒரு சந்தோஷம். நாம் படிக்கட்டுகளை எண்ணுவோம்.