யந்திரத்துக்கு மந்திரிப் பதவியா?

அல்பேனியா நாட்டில் 2025 செப்டம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரதமர் எடி ராமா தம் மந்திரி சபையில் செயற்கை நுண்ணறிவு யந்திரம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். டியெல்லா என்பது அதன் பெயர். சர்க்கார் டெண்டர்களை லஞ்சமின்றி வழங்குவது அதன் வேலையாம். யந்திரத்துக்குப் பணத்தாசை இல்லை, மைத்துனன் மருமகன் இல்லை. ஆகவே ஊழல் ஒழியும் என்பது வாதம்.

லஞ்சத்தை வெறுப்பதில் நாம் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் ஒன்று கேட்கிறோம்: அந்த யந்திரத்தை ஆட்டுவிப்பவர் யார்?

அதை உருவாக்கியது அந்நாட்டுச் சர்க்காரின் தகவல் துறை நிலையம். 2025 டிசம்பரில் அதே நிலையத்தின் உயர் அதிகாரிகள் டெண்டர் மோசடிக் குற்றச்சாட்டில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள்! குற்றம் உண்டா இல்லையா என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. சந்தேகம் எழுந்ததும் பிடித்து விசாரிக்க அங்கே மனிதர்கள் இருந்தார்கள். "யந்திரம் எடுத்த முடிவு, நாங்கள் என்ன செய்வது?" என்று எல்லாரும் கைவிரித்தால் யாரைப் பிடிப்பது?

தோட்டத்து மக்களுக்கு இது விளங்காத சங்கதி அல்ல. பால் நிறுக்கும் தராசுக்கும் பணத்தாசை இல்லை. ஆனால் அதைத் திருத்தி வைக்க ஒரு கை உண்டு; நிறுவையைக் குறைத்து எழுத ஒரு பேனாவும் உண்டு. கிராணி வேலை பார்க்கும் நாமே இதைச் சொல்கிறோம். நிறுவையில் குறை கண்ட தொழிலாளி கிராணியைக் கேட்கிறான். அவர் மழுப்பினால் மானேஜரிடம் போகிறான். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் சங்கம் வருகிறது. தராசிடம் போய் எவனும் நியாயம் கேட்பதில்லை!

சங்கத் தலைவரையே பொதுக்கூட்டத்தில் எழுப்பிக் கணக்குக் கேட்கிறோம். பதில் சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் இறக்குகிறோம். மந்திரிக்கும் அதே நியாயம்தான். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். திருடினால் சிறைக்குப் போக வேண்டும். இதில் எது யந்திரத்தால் ஆகும்? டியெல்லாவை அமைத்து நடத்தும் பொறுப்பு பிரதமருடையது என்றுதான் அந்நாட்டு ஜனாதிபதியின் ஆணையே கூறியது. அப்படியானால் அந்த நாற்காலியில் மந்திரி என்று எவரும் இல்லை. ஒரு திரைதான் தொங்குகிறது!

யந்திரம் கணக்குப் பார்க்கட்டும். டெண்டரில் ஒளிந்திருக்கும் கள்ளத்தைக் காட்டிக் கொடுக்கட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் முடிவின் கீழே கையெழுத்துப் போட ஒரு மனிதர் வேண்டும். அவர் பெயர் மக்களுக்குத் தெரிய வேண்டும். இதை எந்த நாட்டிலும், எந்தச் சர்க்காரிடமும் நாம் விட்டுக் கொடுக்கலாகாது.