டிராயரில் பூட்டிய ஃபைல்

போன மாதம் பக்கத்து சீட் நண்பர் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஆபீசுக்கு வந்தார். முகம் மாதக் கடைசி மாதிரி இருந்தது.

"லிவர்ல கொழுப்பாம் சார்."

"உங்களுக்குக் கொழுப்புன்னு ஆபீஸ் முழுக்கத் தெரியுமே! அதுக்கு எதுக்கு ஸ்கேன்?"

அவர் சிரிக்கவில்லை. கொழுப்போடு ஒரு சின்னப் புள்ளியும் தெரிகிறதாம். "கேன்சரா இருந்தா என்ன சார் பண்றது? பொண்ணுக்கு மூணு வயசுதான் ஆகுது" என்றார். எனக்கும் சிரிப்பு போய்விட்டது.

ராத்திரி தூக்கம் வராமல், கல்லீரலில் ஒளிந்திருக்கும் புற்றை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததெல்லாம் நம்ம ஆபீஸ் கதை.

கல்லீரல் செல் ஒரு நல்ல குமாஸ்தா. ரத்தத்தில் வரும் தபாலை வாங்கும், பிரித்துப் பார்க்கும், பித்தநீர் வழியாக டெஸ்பாட்ச் பண்ணிவிடும். இண்டோசயனின் கிரீன் என்று ஒரு பச்சைச் சாயம் இருக்கிறது. கோடாக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் போட்டோ வேலைக்காகப் பிறந்தது. 1959-ல் அமெரிக்காவில் மருத்துவத்துக்கு அனுமதி வாங்கியது. இதை ஊசியில் ஏற்றி, கல்லீரல் எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். ஆபரேஷனைத் தாங்குமா என்று தெரிந்துவிடும்.

டோக்கியோ பல்கலைக்கழக சர்ஜன்கள் இந்த டெஸ்ட் எடுத்த நோயாளிகளுக்குச் சில நாள் கழித்து ஆபரேஷன் செய்தபோது, கல்லீரல் மேல் அகச்சிவப்புக் கேமராவைத் திருப்பினார்கள். கட்டி மட்டும் பளிச்! 2009-ல் இதை வெளியிட்டார்கள்.

காரணம் ரொம்ப சிம்பிள். புற்று செல்லும் சாயத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் டெஸ்பாட்ச் பண்ணும் வழி கெட்டுப்போயிருக்கிறது. ஃபைலை வாங்கி டிராயரில் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகும் ஆசாமி! ஊரே காலி பண்ணிய பிறகும் அவர் டிராயர் மட்டும் ஒளிர்கிறது. ரொம்ப முற்றிய ரகங்கள் சாயத்தை வாங்குவதே இல்லை. அப்போது கட்டியைச் சுற்றி ஒரு வளையம்தான் தெரியும்.

இதிலும் வில்லங்கம் உண்டு. ஒளி ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வெளியே வர ரொம்பத் திணறும். சில சமயம் சாதுவான முடிச்சுகளும் மின்னி ஏமாற்றும்.

அதனால்தான் விஞ்ஞானிகள் தங்கத்திடம் போயிருக்கிறார்கள். தங்கத்தை இருபது நானோமீட்டருக்குப் பொடித்தால் (உங்கள் தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட எண்பதாயிரம் நானோமீட்டர்) மஞ்சள் போய், தண்ணீரில் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதை ஆராய்ந்தார். இந்தத் துகளில் சாயத்தை ஒட்டவைத்தால் சாயம் அணைந்துவிடும். சில நானோமீட்டர் தள்ளி வைத்தால் முன்னைவிடப் பிரகாசமாக எரியும். மாமியார்-மருமகள் மாதிரி, தூரம்தான் சூட்சுமம். துகள் மேல் புற்று செல்லைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியையும் கோத்து அனுப்புகிறார்கள். சோதனைச்சாலைத் தட்டுகளில் வளரும் செல்களில் அழகாக வேலை செய்கிறது. மனித உடம்பில்தான் சிக்கல். ஏற்றும் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலின் காவல்கார செல்கள் பாதி வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. திருடனைப் பிடிக்கப் போன போலீஸ்காரரை வாட்ச்மேன் மடக்கின கதை!

ஆக, தங்கம் வரும்வரை நம் கையில் இருப்பது பழைய சமாச்சாரங்கள்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, குடியைக் குறைப்பதல்ல, விடுவது, கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். புற்று சின்னதாக இருக்கும்போது பிடித்தால் வெட்டி எடுக்கலாம். கல்லீரல் வலித்துக் கூப்பிடும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் லேட்.

நண்பருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். புள்ளி வெறும் ரத்தநாள முடிச்சாம். ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். கொழுப்பு அப்படியே இருப்பதை ஞாபகப்படுத்தி, பாதியை நானே சாப்பிட்டேன்.

பேப்பரில் கையைத் துடைக்கலாமென்று என் டிராயரைத் திறந்தேன். ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, ஒரு வருஷமாக அங்கேயே பூட்டிக் கிடக்கிறது.

வாங்கிவைத்துக்கொண்டு அனுப்பாத ஆசாமி யாரென்று இப்போது தெரிகிறதா? நாளைக்கு அரை நாள் லீவ் போட்டிருக்கிறேன்.