வீட்டுக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா?



தேர்தல் வந்தால் நம் வீடுகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வாப்பாவோ வீட்டுக்காரரோ வெளியில் பேசி முடிவெடுத்து வருவார். "எல்லாரும் இந்தச் சின்னத்துக்குப் போடுங்க" என்பார். வீட்டிலுள்ள நான்கு வாக்கும் ஒரே பக்கம் விழும். தோட்டத்து லயங்களிலோ அதைத் தொழிற்சங்கத் தலைவர் சொல்வார்.

இந்த வழக்கம் மாறுமா? நுவரெலியா மாவட்டத்தைப் பாருங்கள். இலங்கையிலேயே மிக உயரமான புகையிரத நிலையம், 6,226 அடி உயரத்தில், இம்மாவட்டத்துப் பட்டிப்பொலவில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஹட்டன் பக்கம் இறங்கினால் வழிநெடுகத் தேயிலைத் தோட்டங்கள்.

அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு வாக்கு எளிதில் கிடைத்ததல்ல. 1931இல் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்கும் போயிற்று. அது சிறுகச் சிறுகத் திரும்பி, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முழுமை பெற்றது. பாட்டிக்கு இருந்த வாக்கு மகளுக்கு இல்லை. பேத்திக்கே திரும்பக் கிடைத்தது!

இனி 2024க்கு வருவோம். செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலையும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன. மாவட்டத்தில் சஜித் முதலிடம் பெற்றார். ஐம்பத்து நான்கே நாட்களில், நவம்பர் 14 பொதுத் தேர்தலில், அதே மாவட்டத்தின் 8 இடங்களில் 5 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. வென்றவர்களில் ஒருவர் கலைச்செல்வி. பதுளையில் அம்பிகா சாமுவேல் வென்றார். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் சென்றது அதுவே முதல் தடவை.

எந்தக் கட்சி நல்லது என்று சொல்ல நான் வரவில்லை, சகோதரிகளே. இந்த மாவட்டம் யாருடைய பைக்குள்ளும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

'சுயேச்சை' என்ற பெயரிலும் மயங்க வேண்டாம். நீண்டகாலக் கட்சித் தலைவரான ரணிலும் அந்தத் தேர்தலில் சுயேச்சையாகத்தான் நின்றார். வேட்பாளர் சுயேச்சையாக இருப்பதைவிட, வாக்களிக்கும் நாம் சுயேச்சையாக இருப்பதே முக்கியம்.

இன்னொன்று. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று விருப்புகளைக் குறிக்கலாம். 2024இல் முதற் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், முதன்முறையாக அடுத்த விருப்புகள் எண்ணப்பட்டன. முதல் இருவரல்லாத வேட்பாளர்களுக்கு வாக்களித்தோர் 33 இலட்சத்துக்கும் மேல். அவர்களுடைய சீட்டுகளிலிருந்து அந்த இருவருக்கும் சேர்ந்த அடுத்த விருப்புகளோ ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம்தான்! கையிலிருந்த உரிமையை எத்தனை பேர் வெறுமையாக விட்டுவிட்டார்கள்!

அடுத்த தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், சென்ற முறை சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் எல்லாருடனும் கலந்து பேசுங்கள். வீட்டுக்காரர் சொல்வதையும் கேளுங்கள். ஆனால் வாக்குச் சாவடித் தட்டிக்குப் பின்னால் நீங்கள் தனியாகத்தான் நிற்கிறீர்கள். அந்தச் சீட்டு உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.