மடற்குழுவை மூடச் சொல்பவர்களுக்கு

சொந்த சர்வரில் மடற்குழு நடத்துவது வீண் வேலை, இலவசச் சேவை இருக்கையில் எதற்கு இந்தத் தலைவலி என்பவர்கள் யாஹூ குரூப்ஸின் கதையை வசதியாக மறந்துவிடுகிறார்கள். தமிழர்கள் ஆண்டுக்கணக்கில் இலக்கியம் பேசி, எழுத்துருவுக்காகச் சண்டை போட்ட இடம் அது. 2019இல் பழைய மடல்களை அழிக்கப்போவதாக அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 15இல் கடையையே மூடினார்கள்.

தலைவலி உண்டுதான். ஆனால் காரணம் தெரிந்த தலைவலி. 2014 ஏப்ரலில் யாஹூ, அனுப்புநர் முகவரி போலியா என்று சோதிக்கும் தன் டிமார்க் விதியைக் கடுமையாக்கியதும் உலகெங்கும் மடற்குழுக்கள் தடுமாறின. மெயில்மேன் போன்ற மடற்குழு மென்பொருள் மடலின் தலைப்பில் குழுப் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் ஒட்டுகிறது. அதனால் அனுப்பியவரின் டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையெழுத்து செல்லாததாகிறது, மடல் திரும்பி வருகிறது. மெயில்மேனிலேயே இதற்கு வழி இருக்கிறது: அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை மாற்றி எழுதலாம்.

திரும்பிய மடலைப் படிக்காமலே மென்பொருளைத் திட்டுவோர்தான் அதிகம். ஜிமெயில் 5.7.26 என்ற பிழை எண்ணோடு திருப்பினால் கோளாறு அடையாளச் சான்றில். மடல் வெளியே கிளம்பவே இல்லையா? பல கிளவுட் நிறுவனங்கள் மடல் வெளியேறும் 25ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. மெயில்மேனை எத்தனை முறை நிறுவினாலும் அது திறக்காது.

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலில் மண் சேர்ந்தால் தூர்வாரத்தான் கேட்பார்கள், வாய்க்காலை மூடச் சொல்ல மாட்டார்கள். மடற்குழுவும் அப்படித்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். மெயில்மேன் 2 நம்பியிருந்த பைத்தான் 2க்கு 2020 தொடக்கத்திலேயே ஆதரவு நின்றுவிட்டது. புதிதாகத் தொடங்குவோர் மெயில்மேன் 3ஐ நிறுவுங்கள். மடல் காப்பகத்தின் நகலை வேறொரு கணினியிலும் வையுங்கள்.