பொருந்தாத சட்டையும் விற்காத துணியும்

துணியை நெய்து சங்கத்தில் ஒப்படைத்தவுடன் தம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். விற்பனை நிலையத்தில் பட்டியல் எழுதிப் பணம் பெற்றவுடன் யாவும் முடிந்தன என்போரும் உளர். வாங்கியவர் உடலில் அத்துணி நன்கு பொருந்தி, பலமுறை துவைத்த பின்னரும் பொருந்தியே இருந்தால்தான் விற்பனை நிறைவுறும் என்பது எனது துணிபு.

சேலைக்கும் வேட்டிக்கும் இக்கவலை இல்லை. தறியிலிருந்து இறங்கியவாறே அவற்றை உடுத்தலாம். ஆனால் இன்றைய இளைஞர்கள் அன்றாடம் அணிவன சட்டை, முழுக்கால்சட்டை, மேலாடை ஆகியவையே. 1985ஆம் ஆண்டின் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. நெய்வதைச் சட்டம் ஒதுக்கலாம். மக்கள் எதை உடுத்த வேண்டும் என்று அது விதிக்க இயலாது. ஆதலின் தைத்த உடையிலும் கைத்தறிக்கு இடம் தேடுவது நமது பொறுப்பு.

சங்கங்களை ஆய்வு செய்யுங்கால் கைத்தறிச் சட்டைத் துணி பற்றி நான் கேட்கும் குறை பெரும்பாலும் ஒன்றே: “ஒருமுறை துவைத்ததும் சிறுத்துவிட்டது.” பழி நெசவாளர் மேல் விழுகிறது. உண்மையில் துணியை நனைக்காமலே வெட்டித் தைத்ததே இதற்குக் காரணம். பருத்தித் துணி நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்குமாயின், 70 சென்டிமீட்டர் நீளமுள்ள சட்டை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் குறுகிவிடும். அதன் பின்னர் அச்சட்டை பெட்டியில் கிடக்கும். அதை வாங்கியவர் மீண்டும் நம் கடைக்கு வாரார்.

இதற்கு மருந்து நம் வீட்டிலேயே உள்ளது. நம் உறுப்பினர் குடும்பங்கள் தமக்கு வேண்டிய உடைகளைத் தாமே தைக்கக் கற்றல் வேண்டும். முதலில் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே கத்தரியை எடுக்க வேண்டும். பாவு நூல் உடலின் நீளவாக்கில் அமையுமாறு வைத்து வெட்டவேண்டும். கோணலாக வெட்டிய கால்சட்டை காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். மார்பளவை எடுத்து அதே அளவில் சட்டையை வெட்டலாகாது. மூச்சு விடவும் கை வீசவும் சுற்றளவில் 10 சென்டிமீட்டராவது கூட்டுதல் வேண்டும். அக்குளைத் தாழ்த்தி வெட்டினால் கைக்கு வசதி என்பது தவறான எண்ணம். கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டை முழுவதும் மேலேறும். கால்சட்டைக்கு, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, இடுப்பிலிருந்து பலகை வரையுள்ள உயரத்தை அளந்து, 2 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்க. நெருக்கமின்றி நெய்த துணியில் ஓரம் பிரியுமாதலால், தையலுக்கு 2 சென்டிமீட்டர் விட்டு, ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பது நன்று. புதிய துணியில் கை வைக்குமுன் பழைய வேட்டியில் ஒருமுறை வெட்டித் தைத்து, அணிந்து பார்த்துத் திருத்துவது சிக்கனம்.

இதனால் தையற்கூலி மிச்சமாவது சிறு பயனே. தானே தைத்துப் பார்த்த நெசவாளர்க்கு, அகலம் ஓரிடத்தில் குறைந்தால் என்ன நேரும், ஊடை சாய்ந்தால் பொத்தான் வரிசை எவ்வாறு கோணும் என்பது சொல்லாமலே விளங்கும். அடுத்த பாவிலேயே அவர் கை திருந்தும். பருத்தி விளைவிக்கும் உறுப்பினர்களும், தம் நிலத்துப் பஞ்சு எத்தகைய உடையாகிறது என்பதை அறிந்து வாங்குவோர் ஆவர்.

“தார் சுற்றியே ஓயும் பெண்களின் தலையில் இன்னொரு சுமையா?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. கடைவீதியில் ஆண்கள் தையலைத் தொழிலாகச் செய்யும்போது, வீட்டில் மட்டும் அது பெண்களின் வேலையாவது எங்ஙனம்? ஆடவரும் கற்கட்டும். தறி ஓடாத நாட்களில் கற்கட்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கன இரண்டு. தையல் இயந்திரம் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைத்து, வாரம் ஒருநாள் பயிற்சி தரலாம். பள்ளிக் குழந்தைகளின் சீருடைகளைத் தைத்துவரும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒருவரை, உரிய ஊதியம் தந்து ஆசிரியராக அழைக்கலாம். அடுத்து, ஒவ்வொரு ரகத்திலும் ஒரு துண்டெடுத்து, 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்து உலர்த்தி மீண்டும் அளக்கவேண்டும். அரை சென்டிமீட்டர் குறைந்தால் நூற்றுக்கு ஒன்று. இரண்டு குறைந்தால் நூற்றுக்கு நான்கு. பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனியே கண்ட அவ்வளவை, “நனைத்த பின் வெட்டுக” என்னும் குறிப்புடன் சீட்டில் எழுதித் துணியோடு இணைத்தால், வாங்குவோர் ஏமாறார். நெசவாளர்க்கும் பழி வாராது.

இவற்றுக்கு அரசாணை எதனையும் எதிர்நோக்க வேண்டுவதில்லை. ஓர் அளவு நாடாவும் ஒரு வாளி நீரும் இன்றே எச்சங்கத்திலும் கிடைக்கும். இயந்திரம் வாங்குவதற்கான தீர்மானத்தை உறுப்பினர்கள் வரும் பொதுக்குழுவில் கொண்டுவருவார்களாக.