ஈரம் தெரியட்டும்

நம் ஊர் நகரங்களில் குழந்தைக்குச் சில மாதங்கள் ஆனதுமே பேன்ட் டயப்பர் வந்துவிடுகிறது. இரண்டு வயதாகி, இனி உச்சா, கக்கா வந்தால் சொல்லப் பழக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழும்போதும் அதே டயப்பர்தான் தொடர்கிறது. "ஜட்டி மாதிரிதானே இருக்கு, ஏத்தி இறக்கலாம், போட்டுக்கிட்டே பழகிடும்" என்கிறார்கள். மருந்துக்கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த வீட்டிலும் அப்படித்தான். வேளை வந்தால் குழந்தை தானாகச் சொல்லிவிடும், அதுவரை வீடு நனையாமல் இருந்தால் போதும் என்பது இன்று ஏறக்குறைய எல்லோருடைய எண்ணமாகிவிட்டது.

இந்த எண்ணம் தவறானது. ஏற்றி இறக்க முடிகிறது என்பதால் டயப்பர் பயிற்சி உடையாகிவிடாது. பகலில், விழித்திருக்கும் நேரத்தில், பழகும் குழந்தைக்கு வேண்டியது மெல்லிய பருத்தி ஜட்டி. வீட்டுக்குள் இருக்கும்போது பல வேளைகளில் அதுகூட வேண்டியதில்லை.

டயப்பருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். பஞ்சுக் கூழோடு கலந்திருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற குருணை. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை இழுத்துக் கூழாகக் கட்டி வைத்துக்கொள்ளும். 1980களில் இது டயப்பருக்குள் புகுந்த பிறகுதான் டயப்பர் இவ்வளவு மெலிந்தது, ஒன்றையே மணிக்கணக்கில் போட்டிருக்க முடிந்தது. குழந்தையின் தோலில் படும் மேல்துணி ஈரத்தை உள்ளே அனுப்பிவிட்டு உலர்ந்தே இருக்கும். பக்கவாட்டில் ஒட்டினாலும் சரி, ஜட்டிபோல ஏற்றினாலும் சரி, உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

இப்போது குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். சிறுநீர்ப்பை நிறைகிறது, அடிவயிற்றில் ஓர் அழுத்தம் வருகிறது, பிறகு நீர் வெளியேறுகிறது. இந்த அழுத்தத்துக்கும் அந்த நீருக்கும் உள்ள உறவை யாரும் சொல்லிக்கொடுத்துப் புரியவைக்க முடியாது. நீர் வெளியேறிய கணத்திலேயே தொடை நனைய வேண்டும், கால்வழியே வழிய வேண்டும், தரையில் தேங்க வேண்டும். குழந்தை அப்படியே நின்று குனிந்து பார்க்கும். சில குழந்தைகள் விரலால் தொட்டும் பார்க்கும். நமக்கு அசிங்கமாகப் படும் அந்தக் கணத்தில்தான் பாடம் நடக்கிறது. பல தடவை இப்படி நடந்த பிறகு, நனைந்ததும் சொல்லும். அடுத்து, நனைந்துகொண்டிருக்கும்போதே சொல்லும். கடைசியில்தான் நனைவதற்கு முன் சொல்லும். முதல் இரண்டு படிகளையும் டயப்பர் மறைத்துவிடுகிறது. மூன்றாவது படியில் ஏறவில்லையே என்று குழந்தையைக் குறை சொல்கிறோம்.

இது டயப்பர் விற்பவர்களுக்கும் தெரியும். அமெரிக்காவில் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் 1989இல் 'புல்-அப்ஸ்' என்ற பயிற்சிப் பேன்ட்டைக் கொண்டுவந்தது. பிற்பாடு அதே பெயரில், நனைந்தால் படம் அழிகிற பேன்ட்டையும், நனைந்ததும் சில்லென்று உணர்த்துகிற பேன்ட்டையும் விற்றது. ஈரம் தெரியாமல் குழந்தை பழகாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் ஒப்புக்கொள்ள முடியும்? அந்தச் சில்லென்ற உணர்வைச் சாதாரணப் பருத்தி ஜட்டி கூடுதல் விலையில்லாமல் தருகிறது.

ஆய்வாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். நடத்தைப் பகுப்பாய்வுக்கான அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் 2006இல் வந்த ஆய்வு, 5 குழந்தைகளுக்கு டயப்பர், பேன்ட் டயப்பர், துணி ஜட்டி மூன்றையும் மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்தது. அவர்களில் 2 பேர் ஜட்டியில் இருந்த நாட்களில் தேறினார்கள். 2016இல் அதே இதழில் வந்த ஆய்வில் 20 குழந்தைகள். ஜட்டி அணிவிப்பது, அடிக்கடி கொண்டுபோய் உட்காரவைப்பது, சரியாகப் போனால் பரிசு தருவது என்ற மூன்று வழிகளைச் சேர்த்தும் பிரித்தும் பார்த்தார்கள். ஜட்டியோடு தொடங்கியபோது சிலரிடம் முன்னேற்றம் தெரிந்தது. மற்ற இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டு தொடங்கியபோது அது தெரியவில்லை. சிறிய ஆய்வுகள்தான். ஜட்டி போட்டால் எல்லாக் குழந்தையும் பழகிவிடும் என்று அவை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு நடப்பது இதற்கு நேர்மாறானது. நட்சத்திர ஸ்டிக்கர், மிட்டாய், மணிக்கொருமுறை கழிப்பறையில் உட்காரவைப்பது என்று எல்லாம் நடக்கிறது. உடை மட்டும் மாறுவதில்லை.

"அவசரப்படுத்தக்கூடாது, குழந்தை தயாராக வேண்டும் என்று மருத்துவர்களே சொல்கிறார்களே" என்பது நான் அதிகம் கேட்கும் மறுப்பு. அந்த அறிவுரைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன் 1962இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதற்கு முக்கியமான மூலம். தன்னிடம் வந்த 1,170 குழந்தைகளை வைத்து, அடித்தும் மிரட்டியும் பழக்கும் முறையை எதிர்த்து எழுதினார். மிக நல்ல காரியம். ஆனால் அவர் கண்ட குழந்தைகள் 1950களின் குழந்தைகள். பேம்பர்ஸ் சந்தைக்கு வந்ததே 1961இல்தான். அந்தப் பிள்ளைகள் துணியில் நனைந்து, ஈரத்தை அறிந்து, 'தயாரானவர்கள்'. ஒன்றரை வயதையொட்டி மெல்லத் தொடங்கச் சொன்னார் அவர். பகலில் நனையாமலிருக்கும் நிலையைச் சராசரியாக 28.5 மாதத்தில் அவர்கள் எட்டினார்கள். ஈரம் எட்டாத உறைக்குள் வைத்துக்கொண்டு மூன்றரை வயதுவரை காத்திருங்கள் என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. பிரேசல்டன் தன் பிற்காலத்தில் பேம்பர்ஸின் பெரிய அளவு டயப்பருக்கான விளம்பரத்தில் தோன்றினார் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் காத்திருப்புக் கொள்கையை எடைபோட வேண்டும்.

அதற்காகப் பழங்காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. நம் வீடுகளில் குழந்தை அரைஞாண் கயிற்றோடு திரிந்தது. வசதியுள்ள வீட்டுப் பெண் குழந்தைக்கு அதில் வெள்ளி அரைமூடி தொங்கியது. தூளியில் பழைய வேட்டித்துணி. தவழும் முன்பே அம்மாவோ ஆத்தாவோ காலை நீட்டி, இரு பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து "உஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவார்கள். அந்த ஒலிக்கே குழந்தை பழகிவிடும். சீனாவில் அடிப்பக்கம் திறந்த காற்சட்டை இதே வேலையைச் செய்தது. கென்யாவின் டிகோ மக்களிடையே பிறந்த சில வாரங்களிலேயே பழக்கத் தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் குழந்தை பெரும்பாலும் நனையாமலிருக்கும் என்று 1977இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. இவற்றில் பொதுவாக உள்ளவை இரண்டு: குழந்தைக்கும் ஈரத்துக்கும் நடுவே தடுப்பு இல்லை, குழந்தையின் முகத்தைக் கவனிக்க ஓர் ஆள் எப்போதும் பக்கத்தில் இருந்தார். முதலாவதை இன்றும் எளிதாகத் திரும்பப் பெறலாம். இரண்டாவதுதான் கடினம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் உடை. பருத்தி ஜட்டி, இடுப்பு எலாஸ்டிக் தளர்வாக, அளவில் ஒன்று பெரிதாக. குழந்தையின் கட்டைவிரல் உள்ளே புகுந்து கீழே தள்ள வேண்டும். அது முடியாத எந்த உடையும் இந்தச் சில மாதங்களுக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். ஜீன்ஸ், பெல்ட், தோள்பட்டை வைத்த டங்காரீஸ், கவட்டியில் பட்டன் வைத்த ராம்பர், காலைக் கவ்வும் லெக்கிங்ஸ், நாடா முடிச்சு எல்லாமே தொல்லை. இந்த வயதில் 'வருது' என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் இடையே கிடைப்பது சில நொடிகள். அதற்குள் ஒரு பட்டனைக் கழற்றப் பெரியவரைத் தேட வேண்டியிருந்தால் குழந்தை தோற்றுப்போகும். ஜிப் வைத்த டிரவுசரை ஜட்டி இல்லாமல் ஆண் குழந்தைக்கு ஒருபோதும் போடாதீர்கள். தோல் ஜிப்பில் மாட்டி, வலியில் துடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் நிலை வரும்.

மேல்சட்டையை யாரும் யோசிப்பதில்லை. முழங்கால்வரை தொங்கும் டி-ஷர்ட் பின்னால் நனைந்துவிடும். இடுப்போடு நிற்கும் பனியன் போதும். பெண் குழந்தைக்குக் குட்டை கவுன் வசதி, பின்பக்கத்தைச் சுருட்டிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். கல்யாண வீட்டுக்கு நாடா கட்டிய பட்டுப்பாவாடை போட்டே தீரவேண்டும் என்றால், அன்றைக்குக் குழந்தை நனைத்தால் அது குழந்தையின் தவறில்லை என்பதையும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியன் டாய்லெட்டில் குந்துகிற குழந்தைக்கு முழங்கால்வரை இறக்கிவிடுவது உதவாது. துணி குறுக்கே நிற்கும், நனையும், குழந்தை தடுமாறும். ஒரு காலையாவது முழுக்கக் கழற்றிவிட வேண்டும். வெளியே போகும்போது அச்சமாக இருந்தால் பல அடுக்குத் துணி வைத்துத் தைத்த பயிற்சி ஜட்டி கிடைக்கிறது. அது ஒழுகலைக் குறைக்கும், ஈரத்தை மறைக்காது. கையோடு இரண்டு மாற்று உடை, ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு துண்டு. அவ்வளவுதான் சாமான்.

இரவு வேறு விஷயம். தூக்கத்தில் நனையாமலிருப்பது பயிற்சியால் வருவதில்லை, உடல் முதிர்ந்து வருவது. ஐந்து வயதுவரை இரவில் படுக்கை நனைப்பதை மருத்துவம் கோளாறாகவே கணக்கில் கொள்வதில்லை. இரவில் டயப்பர் போடுவதையோ நீண்ட பேருந்துப் பயணத்தில் போடுவதையோ நான் எதிர்க்கவில்லை. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் தங்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும்.

இப்போது அந்தக் கடினமான பகுதி. ஜட்டிக்கு மாறினால் தரை நனையும். சோபா நனையும். பூஜை அறை வாசலில் போய்விட்டால் வீட்டில் பெரியவர்களின் முகம் மாறும். வாடகை வீட்டில் மெத்தை நாறினால் வீட்டுக்காரரின் பேச்சு. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் துணி அலசுவதே பாரம். இவை அனைத்தும் யார் தலையில் விழுகின்றன? தாயின் தலையில். எனவே டயப்பரைக் கழற்ற முடியாத தாயைச் சோம்பேறி என்று சொல்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அவளுக்கு வேறு வழி விடப்படவில்லை. மாப்பைக் கையில் எடுக்காத தகப்பனும், பேரனைக் கொஞ்சிவிட்டு ஈரத்தைக் கண்டதும் மருமகளைக் கூப்பிடும் தாத்தாவும் இருக்கிற வீட்டில், டயப்பர்தான் அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே உதவி. ஜட்டிக்கு மாறும் வாரங்களில் துடைக்கும் வேலையை ஆண்கள் ஏற்கட்டும். அதை முதலில் பேசி முடித்துவிட்டுப் பிறகு டயப்பரைக் கழற்றுங்கள்.

நனைத்த குழந்தையை அடிப்பது, "சீ, நாத்தம்" என்பது, விருந்தாளி முன் சொல்லிச் சிரிப்பது ஆகியவை டயப்பரைவிடக் கேடானவை. அஞ்சிய குழந்தை அடக்கிக்கொள்ளும். மலத்தை அடக்கினால் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்ததால் மறுபடி அடக்கும். பிறகு மருத்துவரிடம்தான் போய் நிற்க வேண்டும். "பரவாயில்லடா, அடுத்த தடவை சொல்லு" என்று சொல்லி ஜட்டியை மாற்றுங்கள். அவ்வளவு போதும்.

நாம் பேசாத இன்னொருவர் உண்டு. கழற்றி எறியப்படும் டயப்பர், மலத்தோடு சுருட்டப்பட்டு, வீட்டுக் குப்பையோடு போகிறது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் எறிய வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்? திடக்கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகள் டயப்பரைத் தனியாகச் சுற்றித் தரவேண்டும் என்றன, சுற்றுவதற்கான உறையை உற்பத்தியாளரே தரவேண்டும் என்றன. ஆனால் காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர்தான் அதைக் கையால் பிரிக்கிறார். நம் வீட்டுத் தரை நனையாமலிருக்க நாம் தேடிக்கொண்ட வசதியின் அழுக்கு அவர் கையில் போய்ச் சேர்கிறது. ஒரு குழந்தை ஓர் ஆண்டு முன்னதாக டயப்பரை விட்டால் அவருக்கு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மழலையர் பள்ளி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல பள்ளிகள் "டயப்பர் போட்டு அனுப்புங்கள்" என்று பெற்றோரிடம் கேட்கின்றன. வீட்டில் வாரக்கணக்கில் பழக்கியது காலை மூன்று மணி நேரத்தில் கலைந்துபோகிறது. அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள். ஜட்டியோடு வரும் குழந்தையை ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டு மாற்று உடை கேட்டு வாங்கி வையுங்கள், கழிப்பறைக்கு அழைத்துப்போக ஓர் ஆயாவைக் கூடுதலாக அமர்த்தி அவருக்கு உரிய சம்பளம் கொடுங்கள். பெற்றோர்களே, பள்ளியில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.