மரக்கால் யார் கையில்?

ஹாலிவுட் நடிகை ஸ்கார்லெட் ஜோஹன்சன் டிஸ்னி நிறுவனத்துக்கு எதிராக 2021 ஜூலை 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, இரண்டே மாதங்களில் சமரசத்தில் முடிந்துவிட்டது. எவ்வளவு தொகைக்கு என்பதை இரு தரப்பும் வெளியிடவில்லை. செல்வந்தர்களுக்கு இடையிலான பணத் தகராறு என்று பலரும் அதை மறந்துவிட்டார்கள். 2 கோடி டாலர் ஊதியம் பெற்ற ஒருவருக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லைதான். ஆனால், நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்கிற முறையில், அந்த வழக்கை எளிதில் கடந்துபோக என்னால் இயலவில்லை. நம் கிராமங்களில் பல தலைமுறைகளாக நிலவிய ஒரு வழக்கின் மறுபதிப்பு அது.

'பிளாக் விடோ' திரைப்படம் 2020 மே மாதமே வெளிவந்திருக்க வேண்டும். பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2021 ஜூலை 9 அன்று திரையரங்குகளிலும் டிஸ்னி பிளஸ் ஓடிடி தளத்திலும் ஒரே நாளில் வெளியானது. சந்தாதாரர்கள் கூடுதலாக 29.99 டாலர் செலுத்தி வீட்டிலேயே பார்க்கலாம். முதல் வார இறுதியில் அமெரிக்கா, கனடா திரையரங்குகளில் 8 கோடி டாலர், பிற நாடுகளில் 7.8 கோடி டாலர், ஓடிடியில் 6 கோடி டாலருக்கு மேல் என்று நிறுவனமே பெருமையுடன் அறிவித்தது. அடுத்த வார இறுதியில் அமெரிக்கத் திரையரங்க வசூல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. அந்நாட்டுத் திரையரங்க உரிமையாளர் சங்கம் இதற்கு ஒரே நாள் வெளியீட்டைக் குற்றம்சாட்டியது.

ஜோஹன்சனின் ஊதியத்தில் ஒரு பகுதி நிலையான தொகை. மற்றொரு பகுதி திரையரங்க வசூலைப் பொறுத்த ஊக்கத்தொகை. குறைந்தது 1,500 திரைகளில் பரவலாகத் திரையரங்க வெளியீடு என்பது ஒப்பந்த வாசகம். 'திரையரங்கில் மட்டும்' என்பதே அதன் பொருள் என்றது நடிகை தரப்பு. 'மட்டும்' என்ற சொல் அதில் இல்லை என்றது நிறுவனத் தரப்பு. வெளியீட்டுத் திட்டம் மாறினால் கலந்து பேசிப் புதிய உடன்பாட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்று டிஸ்னியின் துணை நிறுவனமான மார்வெலின் வழக்குரைஞர் 2019-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்ததை மனு சுட்டிக்காட்டியது. இதற்கு டிஸ்னி அளித்த பதில், பெருந்தொற்றின் கொடுமையை நடிகை பொருட்படுத்தவில்லை என்பது. கூடவே, அவர் பெற்ற 2 கோடி டாலர் ஊதியத்தையும் பகிரங்கப்படுத்தியது. ஒப்பந்தச் சொல்லின் பொருள் என்ன என்று கேட்டவரிடம், உனக்குத்தான் நிறையக் கொடுத்திருக்கிறோமே என்று சொல்வது விடையாகாது. சமரசத்தால் அந்தச் சொல்லின் பொருளை எந்த நீதிபதியும் தீர்மானிக்காமலே போயிற்று.

இனி, கிராமத்து வழக்குக்கு வருகிறேன். வேளாண்மையில் உழைப்பவருக்கான பங்கை மூன்று வகையில் தரலாம். நாள் கூலி கொடுத்தால் விளைச்சலின் இடர் முழுவதும் நிலவுடைமையாளருடையது. நிலையான குத்தகை என்றால் இடர் முழுவதும் உழுபவருடையது. வாரம் என்பது இடைவழி. மேல்வாரம் இவ்வளவு, குடிவாரம் இவ்வளவு என்று விளைச்சலைப் பிரித்துக்கொள்வார்கள். நட்டமும் ஆதாயமும் இருவருக்கும் பொது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1974-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை, இடரைப் பகிர்வதற்கும் உழைக்கும் ஊக்கத்தைக் காப்பதற்கும் இடையிலான சமரசமாகவே வாரமுறையை விளக்கியது. வசூலில் பங்கு கேட்கும் நடிகர் வாரதாரர்தான்.

வாரமுறை நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. நெல் பொதுக் களத்துக்கு வர வேண்டும். இரு தரப்பின் கண்முன்னே மரக்காலால் அளக்கப்பட வேண்டும். திரையரங்க வசூல் அப்படிப்பட்ட களம். நுழைவுச்சீட்டை விற்பவர் வேறு, படத்தை எடுத்தவர் வேறு. தொகையை இருவரும் எண்ணுகிறார்கள், ஊரும் பார்க்கிறது. ஓடிடி தளம் டிஸ்னியின் சொந்தக் களஞ்சியம். நெல்லில் ஒரு பகுதி களத்துக்கு வராமலே நேராக அங்கே போய்விட்டது என்பதுதான் ஜோஹன்சனின் முறையீட்டின் சாரம்.

அந்தக் களஞ்சியத்துக்கு நெல்லின் விலையைவிடப் பெரிய ஆதாயமும் இருந்தது. 2021 ஜூலைத் தொடக்கத்தில் டிஸ்னி பிளஸ் சந்தாதாரர் எண்ணிக்கை ஏறத்தாழ 11.6 கோடி. முதலீட்டாளர்கள் அன்று உற்றுநோக்கியது அந்த எண்ணைத்தான். அது ஏறினால் பங்கு விலை ஏறும். உயர் அதிகாரிகளின் ஊதியத்தில் பெரும்பகுதி நிறுவனப் பங்குகளாகவே இருப்பதை மனு குறிப்பிட்டது. ஆக, ஒரு படத்தை வீட்டுத் திரைக்குத் திருப்பிவிடும் முடிவால் முடிவெடுத்தவர்களின் வருமானம் உயரலாம். நடித்தவரின் வருமானம் குறையலாம். இதில் எவரும் தீயவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெருந்தொற்றில் திரையரங்குகள் பல மூடிக்கிடந்தன என்ற டிஸ்னியின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால், பேரிடர் காலத்து முடிவின் சுமையை யார் ஏற்பது என்பதைத்தான் ஒப்பந்தம் பேசியிருக்க வேண்டும்.

உண்மையில் 'பிளாக் விடோ' எளிய கணக்கு. 29.99 டாலர் என்பது அந்த ஒரு படத்துக்கான கட்டணம், எண்ணிவிடலாம். தனிக்கட்டணமே இல்லாமல் மாதச் சந்தாவுக்குள் படம் வந்துவிட்டால் என்ன செய்வது? வார்னர் பிரதர்ஸ் 2020 டிசம்பரில் அதைத்தான் அறிவித்தது. 2021-இல் வெளியாகவிருந்த தனது 17 படங்களும் திரையரங்கு வரும் அதே நாளில் அமெரிக்காவில் எச்பிஓ மேக்ஸ் தளத்திலும் வரும் என்றது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் உள்ளிட்டோர் கொதித்தெழுந்தனர். ஒருவர் செலுத்தும் மாதச் சந்தாவில் எந்தப் படத்துக்கு எத்தனை காசு? பல பொருள்கள் ஒரே விலையில் சேர்த்து விற்கப்படும்போது, ஒவ்வொன்றின் பங்கையும் பிரிக்க மறுக்கமுடியாத சூத்திரம் எதுவும் பொருளியலில் இல்லை. ஏதோ ஒரு மரபை ஏற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த மரபை யார் வகுப்பது என்பதே பேரம்.

இந்தப் பேரம் புதிதன்று. 1950-இல் 'வின்செஸ்டர் 73' படத்துக்காக ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஊதியத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு பெற்றார். பங்கு கொடுக்கும் பழக்கம் பரவியதும் 'நிகர லாபம்' என்ற சொல்லைச் சுற்றிக் கணக்காளர்கள் கோட்டை கட்டினார்கள். உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த 'கமிங் டு அமெரிக்கா' நிகர லாபமே ஈட்டவில்லை என்றது பாரமவுண்ட். மூலக்கதைக் கருவைத் தந்த பத்தி எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் தொடுத்த வழக்கில், அந்தக் கணக்கு முறையின் சில விதிகள் மனசாட்சிக்கு ஒவ்வாதவை என்று 1990-இல் நீதிமன்றம் கூறியது. அதற்கும் முன்னதாக, பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றுப் பட நிறுவனங்கள் காசு பார்த்தபோது, 1960-இல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் தலைவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன்! புதிய படங்கள் தொலைக்காட்சிக்குப் போகும்போது நடிகருக்கும் பங்கு கிடைக்கும் என்றாயிற்று. பழைய படங்களுக்கு ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஒரு மொத்தத் தொகை மட்டுமே கிடைத்தது.

நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இந்தக் கேள்வியை வேறொரு முனையில் தொட்டது. படத்துடன் சேர்ந்து திரையரங்கில் ஒலிக்கும்போது தவிர, மற்ற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகை உண்டு. அதை அவர்களே எழுதிக்கொடுத்தாலும் இழக்க முடியாது. திரையரங்கு என்ற கோட்டைச் சட்டமே கிழித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு நடிகர்களுக்கானதன்று. பெரிய நடிகர்கள் முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுவிடுவதால் இங்கே அது பேசுபொருளாகவில்லை. துணை நடிகர்களின் குரலோ எங்குமே கேட்பதில்லை.

அமெரிக்காவில் அந்தக் குரல் 2023-இல் கேட்டது. நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 118 நாள்கள் நீடித்தது. சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டைப் பெற அப்போது ஆண்டுக்கு 26,470 டாலர் நடித்துச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தொகையை எட்டாதவர்கள். ஜோஹன்சனுக்குப் பேரம் பேச வழக்குரைஞர் படை உண்டு. இவர்களுக்குச் சங்கம் மட்டுமே. முடிவில் கிடைத்த ஊக்கத்தொகை இப்படி அமைந்தது: வெளியான முதல் 90 நாள்களில் தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு இணையான பார்வையை ஒரு படைப்பு எட்டினால் கூடுதல் தொகை. அதில் நான்கில் மூன்று பங்கு அதில் நடித்தவர்களுக்கு, மீதி மற்ற நடிகர்களுக்கான பொது நிதிக்கு.

அந்த 20 சதவீதத்தை எண்ணுவது தள நிறுவனமேதான். அதே ஆண்டு எழுத்தாளர் சங்கம் 148 நாள் போராட்டத்துக்குப் பின் பெற்ற ஒப்பந்தத்தில், எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற கணக்கைச் சங்கத்துக்குத் தர நிறுவனங்கள் இசைந்தன. ரகசியம் காக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்.